பெர்சனல் டிரெய்னர் தேடுறீங்களா? பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க!

ஜிம்மில் சேர்ந்த மூன்றாவது நாள். "ப்ரோ, இன்னிக்கு பேக் டே. டெட்லிஃப்ட் அடிச்சிடலாம்" என்றார் டிரெய்னர். அதுவரை நான் தூக்கிய அதிகபட்ச எடை, வீட்டு வாசலில் இறக்கிவைத்துவிட்டுப் போகும் 20 லிட்டர் தண்ணீர் கேன். கம்பியின் இரண்டு பக்கமும் தட்டு மாட்டி, ஒரே ஒரு முறை தூக்கிக் காட்டினார். "அவ்ளோதான், சிம்பிள்!" என்றவரின் போன் அடிக்க, பேசிக்கொண்டே வாசல் பக்கம் போய்விட்டார். நான் தூக்கினேன். நான்காவது முறை கீழ்முதுகில் சுரீரென்று ஒரு வலி. திரும்பி வந்தவரிடம் சொன்னேன். "அப்படித்தான் ப்ரோ இருக்கும். மசில் ஓப்பன் ஆகுது. இன்னும் ரெண்டு செட் போடுங்க, சரியாயிடும்!"

மறுநாள் காலை கட்டிலிலிருந்து எழ, அம்மா கைகொடுக்க வேண்டியிருந்தது. ஆறு வாரம் பைக் ஓட்டவில்லை. ஒரு வருஷத்துக்குக் கட்டிய பணமும் போச்சு. அதைவிடப் பெரிய நஷ்டம், 'ஜிம்மெல்லாம் நமக்கு செட் ஆகாது' என்று நானே முடிவுகட்டி ஒன்றரை வருடம் சும்மா இருந்தது. பிறகு ஆபீஸ் மெடிக்கல் கேம்ப்பில் எடுத்த ரத்தப் பரிசோதனையில், "சுகர் பார்டர்ல நிக்குது தம்பி" என்று டாக்டர் சொன்ன பிறகுதான் இரண்டாவது முறை ஜிம் வாசலை மிதித்தேன்.

இரண்டாவது டிரெய்னர் முதல் நாள் ஒரு டம்பெல்லைக்கூட என் கையில் கொடுக்கவில்லை. நாற்பது நிமிஷம் கேள்வி மட்டும்தான் கேட்டார். எத்தனை மணிக்குத் தூங்குறீங்க, எத்தனை மணி நேரம் சேர்ல உட்கார்றீங்க, முதுகு வலிச்சப்போ கால் பக்கம் வலி இறங்குச்சா, மரத்துப்போச்சா, ஸ்கேன் எடுத்தீங்களா. கடைசியில் ஒரு நாற்காலியைப் போட்டு, "உட்கார்ந்து எழுந்திரிங்க, பார்க்கலாம்" என்றார். அன்றைய வொர்க்அவுட் அவ்வளவுதான். 'இதுக்கா காசு?' என்று அப்போது கடுப்பாகத்தான் இருந்தது. நல்ல டிரெய்னர் என்பவர் இப்படித்தான் ஆரம்பிப்பார் என்று புரிய இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தை, பணம் கட்டுவதற்கு முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

வாக்கிங் போனா போதாதா?

வீட்டில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். வாக்கிங் ரொம்ப நல்லது, விட்டுவிடாதீர்கள். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பைச் சொல்வதோடு நிற்கவில்லை. எல்லா முக்கியத் தசைகளுக்கும் வேலை கொடுக்கும் பயிற்சியை வாரத்தில் இரண்டு நாளாவது செய்யவும் சொல்கிறது. நம்மில் பலரும் முதல் வரியைப் படித்துவிட்டு இரண்டாவது வரியைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

சாப்பாட்டுக்குப் பிறகு ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரையில் பெரும்பங்கை உள்வாங்கிக்கொள்வது நம் தசைகள்தான். அதனால்தான் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பவர்களுக்கு டாக்டர்களும் எடைப் பயிற்சியைச் சொல்கிறார்கள். முப்பதைத் தாண்டினால் தசை மெள்ள மெள்ளக் குறைய ஆரம்பிக்கும். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறையும். தசைக்கும் எலும்புக்கும் 'நீ இன்னும் தேவை' என்று ஞாபகப்படுத்துகிற வேலையைத்தான் எடைப் பயிற்சி செய்கிறது. கல்யாண வீட்டுப் பந்தியில் தரையில் உட்கார்ந்த பெரியவர்கள், எழும்போது பக்கத்து ஆள் தோளைத் தேடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த எழுந்திருத்தலுக்குத் தேவையான பலத்தை இருபதுகளிலும் முப்பதுகளிலும் சேர்த்துவைக்கலாம். அறுபதில் ஆரம்பித்தாலும் கிடைக்கும். கொஞ்சம் நிதானமாகக் கிடைக்கும்.

'வெயிட் தூக்கினா பொண்ணுங்க உடம்பு ஆம்பளை மாதிரி ஆயிடும்' என்ற பேச்சு இன்னமும் ஓடுகிறது. பெண்களின் உடலில் டெஸ்டோஸ்டீரோன் ஆண்களைவிடப் பலமடங்கு குறைவு. வாரம் மூன்று நாள் டம்பெல் தூக்குவதால் யாரும் அப்படி ஆகிவிட முடியாது. உங்களுக்கு வரப்போகிற டிரெய்னரே இதைச் சொல்லி, 'நீங்க ட்ரெட்மில் மட்டும் போதும் மேடம்' என்றால், அவர் படித்தது போதாது என்று அர்த்தம்.

சர்டிஃபிகேட் எங்கே?

இந்தியாவில் டாக்டருக்கும் வக்கீலுக்கும் இருப்பதுபோல் ஜிம் டிரெய்னருக்கு அரசு உரிமம் எதுவும் கட்டாயம் இல்லை. நேற்றுவரை பக்கத்து மிஷினில் பயிற்சி செய்தவர், இன்று டிரெய்னர் டீ-ஷர்ட் போட்டு நிற்கலாம். சட்டப்படி அவரைக் கேட்க ஆளில்லை. கேட்க வேண்டியது நாம்தான்.

தயங்காமல் கேளுங்கள்: "எங்க படிச்சீங்க சார்?" சர்வதேச அளவில் ஏ.சி.இ., ஏ.சி.எஸ்.எம்., என்.எஸ்.சி.ஏ., என்.ஏ.எஸ்.எம். ஆகிய அமைப்புகள் தேர்வு வைத்துத் தரும் சான்றிதழ்களுக்கு மதிப்பு உண்டு. மும்பையின் கே11 போன்ற இந்தியப் பயிற்சி நிறுவனங்களில் படித்தவர்களும் நிறைய. நம் ஊரில் உடற்கல்விப் பட்டம் படித்தவர்களைக் குறைத்து எடைபோட வேண்டாம். சென்னை நந்தனத்தில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி 1920-லிருந்து இயங்குகிறது. மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பாட்டியாலாவின் தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பளுதூக்குதல் பயிற்றுநர் டிப்ளோமா முடித்த ஒருவர் உங்கள் ஏரியாவில் இருந்தால், அவருடைய ஜிம்மில் ஏ.சி. இல்லாவிட்டாலும் பரவாயில்லை, போய்ச் சேருங்கள்.

சான்றிதழில் தேதியையும் பாருங்கள். மேலே சொன்ன சர்வதேசச் சான்றிதழ்களைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சி.பி.ஆர். எனும் இதய முதலுதவிப் பயிற்சி எடுத்திருக்கிறாரா என்று தனியாகக் கேளுங்கள். சர்டிஃபிகேட்டைக் கேட்டதற்காக முகம் சுளிப்பவரிடம் உங்கள் முதுகெலும்பை ஒப்படைக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. சுவர் முழுக்க ஆணழகன் போட்டிக் கோப்பைகளும், எண்ணெய் தடவிய போஸ் போட்டோக்களும் இருக்கும். தன் உடம்பைச் செதுக்கிய உழைப்புக்கு ஒரு சல்யூட் வைக்கலாம். ஆனால் தன் உடம்பை வளர்ப்பது ஒரு திறமை, அடுத்தவர் உடம்பைப் புரிந்துகொள்வது வேறொரு திறமை. எட்டு மணி நேரம் கம்ப்யூட்டர் முன் உட்காரும், தோள்பட்டை முன்பக்கம் சரிந்துபோன ஒருவருக்குக் கற்றுத் தந்திருக்கிறாரா என்பதுதான் நமக்கு வேண்டிய தகவல். உங்கள் வயதில், உங்கள் பிரச்னையோடு வந்த பழைய மாணவர் யாரிடமாவது பேச முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

முதல் நாளே தெரிந்துவிடும்

நேரே பேக்கேஜில் விழாதீர்கள். ஒரு டிரயல் செஷன் கேளுங்கள். இலவசமாகத் தராவிட்டால், ஒரு நாளுக்கு மட்டும் காசு கொடுத்தாவது எடுங்கள். அந்த ஒரு மணி நேரம் நீங்கள்தான் இன்டர்வியூ எடுப்பவர்.

முதலில் அவர் கேட்கிறாரா என்று கவனியுங்கள். பயிற்சி தொடங்கும் முன் கேட்பதற்கென்றே 'பார்-க்யூ' என்ற கேள்வித்தாள் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. இதய நோய், ரத்த அழுத்தம், நெஞ்சு வலி, தலைச்சுற்றல், நாள்பட்ட வேறு நோய், சாப்பிடும் மாத்திரை, எலும்பு மூட்டுப் பிரச்னை, இப்படி ஏழு அடிப்படைக் கேள்விகள். எதற்காவது 'ஆமாம்' என்றால், மேலும் விசாரித்து, தேவைப்பட்டால் டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொல்ல வேண்டும். காகிதம் இல்லாமல் வாயால் கேட்டாலும் சரிதான். ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் இதயத்துடிப்பையே மட்டுப்படுத்தும். அதைச் சாப்பிடுபவரிடம் வாட்ச்சைக் காட்டி 'ஹார்ட் ரேட் ஏறவே இல்ல, இன்னும் வேகமா ஓடுங்க' என்று விரட்டுவது ஆபத்து. கேட்டால்தானே தெரியும்?

அடுத்து, அவர் கண் எங்கே இருக்கிறது? இது ரொம்ப சாதாரணமாகத் தோன்றும், ஆனால் நான் பார்த்தவரை இதுதான் முதல் பரீட்சை. நீங்கள் ஸ்குவாட் செய்யும்போது அவர் பக்கவாட்டில் நின்று உங்கள் முழங்காலையும் முதுகையும் பார்க்கிறாரா, இல்லை கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொள்கிறாரா, ரீல்ஸ் பார்க்கிறாரா? பர்சனல் டிரெய்னிங் என்பதே அந்த ஒரு மணி நேரக் கவனத்துக்கான கூலிதான். எண்ணிக்கை சொல்வதற்கு ஆள் தேவையில்லை. பத்து வரை எண்ண நமக்கே தெரியும்.

திருத்தும் விதத்தையும் கவனியுங்கள். "தப்பு, தப்பு, மறுபடி போடுங்க" என்பதில் ஒன்றும் இல்லை. "பின்னாடி ஒரு ஸ்டூல் இருக்கிற மாதிரி நினைச்சு இடுப்பைப் பின்னாடி தள்ளுங்க" என்றால் உடம்புக்குப் புரிகிறது. என்னுடைய இரண்டாவது டிரெய்னர் டெட்லிஃப்ட்டைக் கற்றுத் தந்தது கம்பியால் அல்ல. இரண்டு கையிலும் ஷாப்பிங் பை இருக்கும்போது கார் கதவை இடுப்பால் இடித்துச் சாத்துவோமே, அந்த அசைவைச் செய்யச் சொன்னார். இரண்டு வாரம் அதுமட்டும்தான். பிறகு ஒரு ஆறு கிலோ கெட்டில்பெல். கம்பி என் கைக்கு வந்தபோது மூன்றாவது மாதம்.

'வலிக்குது' என்று சொல்லிப் பாருங்கள்

உங்கள் டிரெய்னர் யார் என்று தெரிய, இந்த ஒரு வார்த்தை போதும். பயிற்சியின்போது தசையில் எரிச்சல் வருவது இயல்பு. புதிதாகச் செய்த பயிற்சிக்கு அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் தொடை பிடித்துக்கொண்டு, மாடிப்படி இறங்கும்போது கம்பியைப் பிடிக்க வைப்பதும் இயல்பு. ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போய்த் தானாகத் தணியும். ஆனால், மூட்டுக்குள் குத்துவது, கரண்ட் அடித்ததுபோல் காலில் இறங்குவது, ஒரு பக்கம் மட்டும் சுரீரென்று பிடிப்பது, மரத்துப்போவது, நெஞ்சு அழுத்துவது எல்லாம் வேறு ஜாதி. அங்கே நிறுத்த வேண்டும். நிறுத்திவிட்டு, 'எங்க வலிக்குது, எப்படி வலிக்குது, எந்த அசைவுல வலிக்குது' என்று கேட்டு, எடையைக் குறைப்பவர் அல்லது அந்தப் பயிற்சிக்கே மாற்று தருபவர் நல்ல டிரெய்னர். மூன்றாவது நாளும் தொல்லை தீராவிட்டால் "பிசியோவைப் பார்த்துட்டு வாங்க" என்று அனுப்புகிறவர் அதைவிட நல்ல டிரெய்னர். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்பவர்.

'நோ பெய்ன் நோ கெய்ன்' என்று சுவரில் எழுதியிருப்பதை அப்படியே பின்பற்றுகிறவர்களிடம் ஒரு தகவல் சொல்லிவைக்க வேண்டும். பழக்கமே இல்லாத உடம்பை முதல் வாரத்திலேயே ஓவராகப் பிழிந்தால், தசை நார்கள் சிதைந்து அதிலுள்ள புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். 'ராப்டோமயோலிசிஸ்' என்று பெயர். அடிக்கடி வருவதில்லை, ஆனால் வந்தால் விளையாட்டில்லை. கை கால் வீங்கி, தாங்க முடியாத வலியோடு சிறுநீர் கோலா நிறத்தில் போனால், டிரெய்னருக்கு மெசேஜ் போட்டுக்கொண்டிருக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இதில் உலகத்தர வீரர்களுக்கே வழிகாட்டி தேவைப்பட்டிருக்கிறது. பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானு 2016 ரியோ ஒலிம்பிக்கில் கிளீன் அண்ட் ஜெர்க் பிரிவில் ஒரு முயற்சிகூட வெற்றி பெறாமல் வெளியேறினார். 2018-ல் கீழ்முதுகு வலியால் ஆசிய விளையாட்டுப் போட்டியைத் தவறவிட்டார். அவருடைய பயிற்சியாளர் விஜய் சர்மா, 'இன்னும் தூக்கு' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. 2020-ன் பிற்பகுதியில், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் இருக்கும் பிசியோதெரபிஸ்ட் ஆரோன் ஹார்ஷிக்கிடம் அவரை அழைத்துக்கொண்டு போனார். தோளிலும் முதுகிலும் இருந்த தொல்லைக்குக் காரணமான பலவீனங்களைத் தேடி, அங்கே சரிசெய்தார்கள். 2021 ஏப்ரலில் தாஷ்கென்ட்டில் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 119 கிலோ தூக்கி உலக சாதனை. அதே ஜூலையில் டோக்கியோவில் மொத்தம் 202 கிலோ, வெள்ளிப் பதக்கம். தன்னால் முடியாத இடத்தில் இன்னொருவரைத் தேடிப்போன கோச் கிடைத்தது அவருடைய அதிர்ஷ்டம். நம் தெரு ஜிம்மிலும் அந்தக் குணத்தைத்தான் தேடுகிறோம்.

நோட்டு இருக்கா?

பலம் கூடுவதற்கு ஒரே அடிப்படை, தசைக்குக் கொடுக்கும் வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது. இந்த வாரம் எட்டு கிலோவை எட்டு முறை தூக்கினால், அடுத்த வாரம் பத்து முறை. அது சுலபமானால் பத்து கிலோ. போன வாரம் எவ்வளவு தூக்கினீர்கள் என்று எழுதிவைக்காமல் இதைச் செய்யவே முடியாது. நோட்டோ, மொபைலில் ஷீட்டோ, ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். 'இன்னிக்கு என்ன பண்ணலாம் ப்ரோ?' என்று தினமும் உங்களிடமே கேட்கிற டிரெய்னரிடம் திட்டம் எதுவும் இல்லை. தினமும் புதுசு புதுசாக, பந்து மேல் ஏறி நின்று கயிற்றை ஆட்டுவது போல வித்தை காட்டுவதும் அதே கேஸ்தான். பார்க்க ஜோராக இருக்கும், ஏறுவது எதுவும் இருக்காது.

முதல் ஓரிரு மாதத்தில் தூக்கும் எடை வேகமாக ஏறும். ஆனால் கண்ணாடியில் பெரிதாக மாற்றம் தெரியாது. பயப்பட வேண்டாம். அப்போது நடப்பது, மூளையும் நரம்பும் இருக்கிற தசையைச் சரியாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்வது. தசை வளர்ச்சி கண்ணுக்குத் தெரிய அதற்கு மேலும் ஆகும். ஆகவே ஒரு டிரெய்னரை எடைபோட மூன்று மாதம் கொடுக்கலாம். '30 நாளில் சிக்ஸ் பேக்', '15 நாளில் 10 கிலோ' என்று போஸ்டர் ஒட்டியவருக்கு மூன்று நிமிடம்கூட வேண்டாம்.

வார்த்தையும் ஒரு வெயிட்தான்

"இந்த உடம்பை வெச்சுக்கிட்டு எப்படி கல்யாணம் பண்ணுவீங்க?" என் தோழி ஒருத்தியிடம் டிரெய்னர் கேட்டது இது. மோட்டிவேஷனாம்! அடுத்த வாரமே அவள் நின்றுவிட்டாள். திட்டினால் ரோஷம் வந்து உடம்பு இறங்கும் என்று நம் ஊரில் நிறைய பேர் நிஜமாகவே நம்புகிறார்கள். அசிங்கப்பட்ட இடத்துக்கு யாரும் வாரம் மூன்று நாள் விரும்பிப் போவதில்லை. போகாத ஜிம்மில் என்ன பயிற்சி கொடுத்து என்ன?

ஆதரவு என்றால் கொஞ்சுவது என்றும் அர்த்தமில்லை. லேட்டாகப் போனால் என் டிரெய்னர் கறாராகக் கேட்பார். ஆனால் டெங்கு வந்து மூன்று வாரம் படுத்துவிட்டுத் திரும்பிப் போனபோது, 'எல்லாம் போச்சே' என்று நான் புலம்பியதற்கு, நோட்டைத் திறந்து எல்லா எடையையும் பாதியாகக் குறைத்து எழுதினார். "உடம்பு மறக்காது சார், ஒரு மாசத்துல பழைய இடத்துக்கு வந்துடுவீங்க" என்றார். ஐந்து வாரம் ஆனது. அந்த ஒரு வாரத்தை மன்னித்துவிடலாம்.

பெண்களுக்கு இன்னும் சில விஷயங்கள். தொட்டுத் திருத்துவதற்கு முன் "தொடலாமா?" என்று கேட்பது குறைந்தபட்ச மரியாதை. வாயால் சொல்லியும், தானே செய்து காட்டியும் பெரும்பாலான தவறுகளைத் திருத்திவிட முடியும். ஆகவே தொட்டால்தான் முடியும் என்பவரை நம்பாதீர்கள். 'லேடீஸ் பேட்ச்' என்று போர்டு வைத்திருந்தால், அந்த நேரத்தில் பெண் டிரெய்னர் நிஜமாகவே இருக்கிறாரா என்று நேரில் போய்ப் பாருங்கள். மாதவிடாய் நாள்களில் என்ன செய்யலாம் என்று கூச்சமில்லாமல் பேச முடிகிறதா, கர்ப்பம், பிரசவம், பி.சி.ஓ.எஸ். பற்றிச் சொன்னால் காதுகொடுக்கிறாரா என்பதும் முக்கியம். 'பிஃபோர், ஆஃப்டர்' போட்டோவை இன்ஸ்டாகிராமில் போட உங்கள் சம்மதம் வேண்டும். அது ஆண்களுக்கும்தான். சேரும் நாளிலேயே 'என் போட்டோ வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

டப்பாவும் ஊசியும்

இரண்டாவது வாரம் மெள்ள ஆரம்பிக்கும். "ப்ரோ, பவுடர் எடுக்கலன்னா இவ்ளோ அடிச்சும் வேஸ்ட்." டப்பா விற்றால் கமிஷன் கிடைக்கும் இடங்கள் உண்டு என்பதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், உடம்பை ஏற்றுவதற்காகப் புரத பவுடரைத் தவிர்க்கவே சொல்கிறது. அதே நிறுவனத்தின் கணக்குப்படி, ஆரோக்கியமான ஒருவருக்குத் தினசரி புரதத் தேவை ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம். அறுபது கிலோ இருப்பவருக்குச் சுமார் 50 கிராம். எடைப் பயிற்சி செய்பவர்களுக்கு இதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும் என்று விளையாட்டு ஊட்டச்சத்து நிபுணர்கள் சொல்வார்கள். அதையும் தட்டிலேயே எட்டிப் பிடிக்க முடியும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், நூறு கிராம் வேர்க்கடலையில் சுமார் 25 கிராம். சமைத்த கோழி நெஞ்சுக்கறி நூறு கிராமில் ஏறக்குறைய 30 கிராம். சைவம் என்றால் பருப்பு, சுண்டல், தயிர், பனீர், மீல்மேக்கர். நம் பிரச்னை என்னவென்றால், மூன்று வேளையும் சாதமும் இட்லியும் மலையாக இருக்கும், பக்கத்தில் சாம்பார் மட்டும் ஏரியில் கலந்த பெருங்காயமாக இருக்கும். இந்த விகிதத்தை மாற்றினாலே பாதி வேலை முடிந்தது.

பவுடர் வாங்கியே தீர வேண்டிய நிலை என்றால், டப்பாவில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் பதினான்கு இலக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். லேபிள் இல்லாத கவரில் போட்டு டிரெய்னர் தருவதைத் தொடாதீர்கள். சர்க்கரை, சிறுநீரகப் பிரச்னை இருப்பவர்களுக்கு டயட் சார்ட் எழுதும் வேலை டிரெய்னருடையது அல்ல, டயட்டீஷியனுடையது.

ஊசி விஷயத்தில் வழவழா கொழகொழா வேண்டாம். 'சின்ன டோஸ்தான்', 'எல்லாரும் போடுறாங்க', 'சைக்கிள் முடிஞ்சா சரியாயிடும்' என்று எந்தப் பெயரில் வந்தாலும் அது ஸ்டீராய்டு. அனபாலிக் ஸ்டீராய்டுகள் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகள். ஜிம்முக்குள் கைமாறும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று தருபவருக்கே தெரியாது. இதயத் தசை தடித்துப்போவது, கல்லீரல் பாதிப்பு, விந்தணு குறைந்து குழந்தையின்மை, ஆண்களுக்கு மார்பு வளர்வது, கடுமையான மனநிலை மாற்றம் என்று அதன் பட்டியல் நீளமானது. இந்தப் பேச்சை எடுத்தவர் எவ்வளவு நல்லவராக, அண்ணன் தம்பியாகப் பழகியிருந்தாலும், அன்றோடு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

காசு விஷயம்

ஜிம் மெம்பர்ஷிப் வேறு, பி.டி. கட்டணம் வேறு. ஏரியாவையும் ஜிம்மையும் பொறுத்து பி.டி.க்கு மாதம் சில ஆயிரங்களில் தொடங்கி, பெரிய செயின் ஜிம்களில் 15,000 ரூபாயைத் தாண்டியும் போகும். பல இடங்களில் இதில் ஒரு பெரிய பங்கு ஜிம்முக்குப் போய்விடும். டிரெய்னருக்கு மாதாந்தர டார்கெட்டும் இருக்கும். மாதக் கடைசியில் 'இன்னிக்கு மட்டும்தான் சார் இந்த ஆஃபர்' என்ற போன் ஏன் வருகிறது என்று இப்போது புரியும். அவர் மேல் கோபப்பட வேண்டாம், பணத்தை மட்டும் அவசரப்பட்டுக் கட்ட வேண்டாம்.

முதலில் ஒரே ஒரு மாதம். வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டினால் பாதி விலை என்பார்கள். போகாத பத்து மாதத்துக்கும் சேர்த்துத்தான் அந்தப் பாதி. எத்தனை செஷன், நீங்கள் வராவிட்டால் என்ன, அவர் வராவிட்டால் என்ன, பாதியில் நிறுத்தினால் எவ்வளவு திரும்ப வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள், குறைந்தது வாட்ஸ்அப்பிலாவது. ஒரு கேள்வியைப் பலரும் மறக்கிறார்கள்: இந்த டிரெய்னர் வேலையை விட்டுப் போய்விட்டால் என் பணம் என்ன ஆகும்? இந்தத் தொழிலில் ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள். தகராறு என்று வந்துவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. ரசீது கையில் இருந்தால்தான் பேசவே முடியும்.

அவ்வளவு காசு இல்லையா? வருஷம் முழுக்க டிரெய்னர் கூடவே நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பத்துப் பன்னிரண்டு செஷன் மட்டும் எடுங்கள். உட்கார்ந்து எழுவது, குனிந்து தூக்குவது, தள்ளுவது, இழுப்பது, சுமந்து நடப்பது, இந்த ஐந்தையும் சரியாகச் செய்யக் கற்றுக்கொண்டு, மூன்று மாதத்துக்கான திட்டத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு தனியாகச் செய்துவிட்டு, மாதம் ஒருமுறை மட்டும் காட்டித் திருத்திக்கொள்ளலாம். நண்பரோடு சேர்ந்து ஒரே செஷனைப் பகிர்ந்துகொள்ள நிறைய டிரெய்னர்கள் சம்மதிப்பார்கள். பல மாவட்ட விளையாட்டரங்குகளில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஜிம்களும் இருக்கின்றன; எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஆன்லைன் டிரெய்னர் பற்றியும் கேட்பீர்கள். ஏற்கெனவே அடிப்படை தெரிந்தவர்களுக்கு அது நல்ல சிக்கனம். நீங்கள் அனுப்பும் வீடியோவைப் பார்த்து, உங்கள் முழங்காலைப் பற்றிப் பேசினால் அவர் டிரெய்னர். எல்லோருக்கும் ஒரே பி.டி.எஃப். அனுப்பினால் அவர் ஜெராக்ஸ் கடை. முதல்முறை கம்பி தொடுபவர்கள் ஆரம்பத்தில் நேரில் கற்றுக்கொள்வதுதான் நல்லது.

பிடிக்கலைன்னா எப்படிச் சொல்றது?

இங்கேதான் நம்மவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லக் கூச்சம். அதனால் டிரெய்னரை விடுவதற்குப் பதில் ஜிம்மையே விட்டுவிடுகிறோம், போன் வந்தால் எடுக்காமல் ஒளிகிறோம். நான் முதல் டிரெய்னரிடம் செய்ததும் அதுதான். ரேஷன் கடை வாசலில் அவரைப் பார்த்துவிட்டு சந்துக்குள் வண்டியைத் திருப்பியிருக்கிறேன்.

அவ்வளவு கஷ்டமே வேண்டாம். முதலில் குறையைச் சொல்லி ஒரு வாய்ப்பு கொடுங்கள்: "சார், செஷன்ல நீங்க போன் பார்க்கும்போது என் ஃபார்ம் தப்பாயிடுது." சொன்ன பிறகும் மாறவில்லை என்றால், மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது ஒரு மெசேஜ்: "இந்த மாசத்தோட பி.டி. நிறுத்திக்கிறேன் சார். இதுவரைக்கும் சொல்லிக்கொடுத்ததுக்கு நன்றி. என் வொர்க்அவுட் நோட்டை மட்டும் அனுப்பிடுங்க." காரணம் விளக்க வேண்டியதில்லை. மேனேஜரிடம் ஆளை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

நோட்டை மட்டும் மறக்காமல் வாங்கிவிடுங்கள். அடுத்த டிரெய்னர் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அதில்தான் இருக்கிறது.